கால்வாயில் மஞ்சள் படிந்தால்: செம்பைக் கரைக்கும் அதே பாக்டீரியா

மலேசியாவில், சிலாங்கூரின் பந்திங், கேரித் தீவுப் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் சில இடங்களில் புதுக் கால்வாய் வெட்டினால் கறுத்த சேறு வரும். சில மாதம் காற்று பட்டதும் அதில் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் திட்டுகள் தெரியும், தண்ணீர் துரு நிறமாகும். உரக்கறை என்று விட்டுவிடுகிறோம். உண்மையில் மண்ணிலிருக்கும் பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம், கந்தக அமிலமாகிக் கொண்டிருக்கிறது. மஞ்சள் படிவு, அப்போது உண்டாகும் ஜாரோசைட் என்ற இரும்புக் கனிமம்.

இதில் பெரும்பங்கு அசிடித்தியோபேசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு. சல்ஃபைடு (கந்தகம் சேர்ந்த) தாதுவிலிருந்து செம்பு எடுக்கவும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். தாதுவைக் கரைப்பது ஃபெர்ரிக் இரும்பு, அதாவது மூன்று எலக்ட்ரான் இழந்த இரும்பு. கரைத்ததும் அது ஒரு எலக்ட்ரானைத் திரும்பப் பெற்று ஃபெரஸாகிவிடும். பாக்டீரியா அதை மறுபடி ஃபெர்ரிக் ஆக்குகிறது. அமிலத்தில் காற்று மட்டும் இதைச் செய்வதென்றால் காலம் போதாது.

சுரங்கத்தில் தாதுவை 12 முதல் 19 மி.மீ. அளவுக்கு உடைத்து, பொடி துளைகளை அடைக்காதபடி அமிலத்தில் பிசறி உருண்டையாக்கி, தடித்த பாலித்தீன் விரிப்பின் மேல் 6 முதல் 8 மீட்டர் உயரத்துக்குக் குவிப்பார்கள். மேலிருந்து சதுர மீட்டருக்கு மணிக்கு 5 முதல் 10 லிட்டர் அமிலக் கரைசல் சொட்டும், அடியிலிருந்து குழாயில் காற்று போகும். காற்றில் கஞ்சத்தனம் பார்த்தால் பாக்டீரியா படுத்துவிடும். பிஎச் (அமிலத்தன்மை அளவு, எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 2-ஐ ஒட்டி இருக்க வேண்டும், 2.5-ஐத் தாண்டினால் இரும்பு படிந்து குவியலே அடைத்துக்கொள்ளும். செம்புத் தாதுக்களில் கால்கோசைட் சில மாதங்களில் கரையும். இரும்பும் சேர்ந்த கால்கோபைரைட் முரண்டு பிடிக்கும்: மேலே ஒரு படலம் கட்டி நின்றுவிடும், 60 டிகிரிக்கு மேல் வாழும் நுண்ணுயிர்கள் வேண்டும். வடியும் நீலக் கரைசலைக் கரைப்பானில் பிரித்து மின்பகுத்தால் 99.99 சதவீதச் செம்பு.

அங்கே கரைசலைப் பிடிக்க விரிப்பு இருக்கிறது, தோட்டத்தில் இல்லை. சபாவில் ரானாவ் அருகே 1975 முதல் 1999 வரை ஓடிய மாமுட் செம்புச் சுரங்கக் குழியில் இன்று நிற்பதும் அமில ஏரிதான்.

தோட்டத்தில் செய்யக்கூடியது, பைரைட் அடுக்குக்குக் காற்று போகாமல் பார்ப்பது. தடுப்புப் பலகை வைத்து நிலத்தடி நீர்மட்டத்தைத் தரைக்குக் கீழே 45 முதல் 60 செ.மீ. ஆழத்தில் நிறுத்துங்கள். கறுத்த சேற்றைக் கரையில் குவிக்காதீர்கள். வறட்சிக்குப் பின் வரும் முதல் மழையில்தான் அமிலமும் அலுமினியமும் சேர்ந்து இறங்கி மீன் மிதக்கும். அப்போது பிள்ளைகளைக் கால்வாயில் இறங்க விடாதீர்கள். சுண்ணாம்புக் கல்லைக் கொட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. துரு அதன்மேல் பூசிக்கொண்டால் கல் சும்மா கிடக்கும்.

புதிதாக வெட்டும் முன் சேற்றில் 30 சத ஹைட்ரஜன் பெராக்சைடு சில சொட்டு விட்டுப் பாருங்கள், கையுறை, கண்ணாடி கட்டாயம். பொங்கி, ஆறியபின் பிஎச் 2.5-க்குக் கீழே இறங்கினால் அந்த ஆழத்தைத் தொட வேண்டாம்.