முத்துப்பிள்ளையில் அம்மா எங்கே?

"கிரகணத்தன்று வெளியே போனதால்தான் தங்கைக்கு முத்துப்பிள்ளை உண்டானதாம். நிஜமா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இல்லவே இல்லை. தங்கை செய்த எதனாலும் இது வரவில்லை. கரு நழுவிய வேதனையோடு பழியையும் அவள் தலையில் கட்டும் இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முத்துப்பிள்ளை என்பது வழி தவறிய கர்ப்பம். முழு, பகுதி என்று இரண்டு வகை. கர்ப்பத்தின் அறிகுறியெல்லாம் இருக்கும். முழு வகையில் ஸ்கேனில் குழந்தை இருக்காது. நஞ்சுக்கொடித் திசு நீர் கோத்து, திராட்சைக் குலைபோலக் கருப்பையை அடைத்திருக்கும்.

மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் நமக்கு 46: அம்மாவிடமிருந்து 23, அப்பாவிடமிருந்து 23. முழு முத்துப்பிள்ளையில் அம்மாவின் 23ஐக் காணோம். பெரும்பாலும் உள்ளே நுழைந்த ஒற்றை விந்தணுவே தன் 23ஐ இரட்டித்து 46 ஆக்கிவிடுகிறது. இப்படி எல்லாம் அப்பா பக்கம்தான் என்று 1977இல் காட்டியவர்கள் ஜப்பானின் கஜீயும் ஓஹாமாவும்.

எண்ணிக்கை சரி, குழந்தை ஏன் இல்லை? சில மரபணுக்களில் 'இது அம்மாவுடையது', 'இது அப்பாவுடையது' என்று முத்திரை உண்டு. ஒரு பிரதி பேசும், மற்றது வாய் திறக்காது. நஞ்சுக்கொடியை வளர்க்கத் தூண்டுபவற்றில் பல அப்பாவின் பிரதிகள். பிரேக் போடுபவற்றில் பல அம்மாவுடையவை. அம்மாவே இல்லையென்றால் பிரேக்கே இல்லை. பி57 என்ற புரதம் அப்படியொரு பிரேக். திசுவுக்குச் சாயமேற்றிப் பார்த்து அது இல்லையென்றால் முழு முத்துப்பிள்ளை. ஒரு முட்டையில் இரண்டு விந்தணுக்கள் சேர்ந்து 69 ஆகும் பகுதி முத்துப்பிள்ளையில் அம்மா இருப்பதால் பி57 தெரியும்.

2022இல் விடுபடல் இல்லாமல் வாசித்து முடித்ததாக அறிவித்தார்களே மனித மரபணுத் தொகுதி, அது ஒரு முழு முத்துப்பிள்ளையின் செல்களிலிருந்து வந்தது. இரண்டு பிரதியும் ஒன்றே என்பதால் குழப்பமில்லை!

சிகிச்சை: திசுவை உறிஞ்சி எடுத்துவிட்டு, கர்ப்பத்தில் சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோன் ரத்தத்தில் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். முழு வகையில் நூற்றுக்குப் பதினைந்து இருபது பேருக்கு அது இறங்காமல் நிற்கும், அல்லது ஏறும். மிச்சத் திசு இன்னும் வளர்கிறது என்று அர்த்தம். கருப்பைத் தசைக்குள் ஊடுருவும் வகை, நுரையீரலுக்குப் பரவக்கூடிய கோரியோகார்சினோமா என்ற புற்று எல்லாம் இந்தக் குடும்பம்தான். பின்னது சுகப்பிரசவத்துக்குப் பிறகும் வரும். ஆபத்து குறைந்தவர்களுக்கு மெத்தோட்ரெக்சேட் போன்ற ஒற்றை மருந்து, மற்றவர்களுக்குக் கூட்டு மருந்துகள். பெரும்பாலோர் முழுமையாகக் குணமாகிறார்கள். நஞ்சுக்கொடி ஒட்டிய இடத்தில் வளரும் அரிய வகைக்கு மட்டும் மருந்து அவ்வளவாகக் கேட்காது. கருப்பையை எடுப்பதே வழக்கம்.

1956இல் அமெரிக்காவில் மின் சியூ லீ, ராய் ஹெர்ட்ஸ் இருவரும் பரவிய கோரியோகார்சினோமாவை இதே மெத்தோட்ரெக்சேட்டால் குணப்படுத்தினார்கள். கட்டி மறைந்த பிறகும் எச்.சி.ஜி. மறையும்வரை லீ மருந்தை நிறுத்தவில்லை. அதற்காக வேலை போனது. 1972இல் மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது வந்தது. அந்த மருந்து உருவான லெடர்லி ஆய்வகத்தின் ஆராய்ச்சித் தலைவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைத் துருவியவர்களுக்குக் கிடைத்தது புற்றுநோய் மருந்து. 'இதனால் உடனே என்ன பயன்?' என்று கேட்டு நிதி மறுப்பவர்கள் இதைப் படிக்கட்டும்.

தங்கைக்கு அடுத்ததும் இப்படியே ஆக நூற்றில் ஒரு வாய்ப்புதான். ஆனால் டாக்டர் சொல்லும்வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். புதுக் கருவும் அதே எச்.சி.ஜி.யைத்தான் சுரக்கும், ஏறுவது எதனால் என்று பிரித்தறிய முடியாமல் போகும்.