குடலுக்குள் உருமாறும் நஞ்சு

வாழைத் தண்டைத் துளைக்கும் கூன்வண்டைக் கொல்ல, மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்தை நீரில் கலந்து ஊசி வழியே தண்டுக்குள் செலுத்தும் முறையைக் குமரி மாவட்ட வாழை விவசாயிகள் பலர் அறிவார்கள். இம்மருந்து பூச்சியின் நரம்புகளில் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குகிறது. அந்த நொதி மனித உடலிலும் இருப்பதால், நஞ்சு ஏறியிருக்கிறதா என்று அறிய மருத்துவர்கள் அதையே அளந்து பார்க்கிறார்கள். ஆனால் உணவோடும் நீரோடும் சிறிது சிறிதாக உள்ளே போகும் நஞ்சு நரம்புகளை மட்டும் சந்திப்பதில்லை. குடலில் வாழும் பாக்டீரியாக்களையும் சந்திக்கிறது.

ஒரு மனித உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. அவற்றில் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன. நம்மால் செரிக்க இயலாத நார்ச்சத்தைப் புளிக்கவைத்து, அவை அசிட்டேட், பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடல் சுவரின் உயிரணுக்களுக்குப் பியூட்டிரேட்தான் முதன்மை எரிபொருள். இவ்வளவு வேதித்திறன் கொண்ட உயிரினங்கள் தம்மிடம் வரும் பூச்சிமருந்தையும் உடைக்கவே செய்யும்.

உடைத்தால் நன்மைதானே என்று தோன்றலாம். 2017-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. எலிகளுக்கு 180 நாட்கள் மோனோகுரோட்டோபாஸ் கொடுத்தபோது, நரம்பு நொதியில் குறிப்பிடத்தக்க சரிவு இல்லாமலே இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் திறன் குலைந்தது. குடல் பாக்டீரியாக்கள் மருந்தைச் சிதைத்து அசிட்டிக் அமிலமாக்க, உடல் அதிலிருந்து குளுக்கோஸை உருவாக்கியதே காரணம் என்று அவர்கள் கண்டனர். அந்த எலிகளின் கழிவிலிருந்த நுண்ணுயிர்களை வேறு எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றிலும் அதே கோளாறு தோன்றியது. நரம்பு நொதியை மட்டும் பார்த்துப் பாதுகாப்பு அளவை முடிவுசெய்வது போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை என்றே கருதுகிறேன்.

மாட்டின் நிலை இன்னும் நுட்பமானது. அதன் முதல் இரைப்பையிலேயே நுண்ணுயிர்கள் தீவனத்தைப் புளிக்கவைப்பதால், தீவனத்திலுள்ள எதுவும் இரத்தத்தில் கலக்கும் முன் பெரும்பாலும் அவற்றின் கைக்குப் போகிறது. யூரியா மிகையாக இட்ட பசுந்தீவனத்தில் சேரும் நைட்ரேட்டை அவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட் அம்மோனியாவாக மாறும் வேகத்தைவிட உருவாகும் வேகம் மிஞ்சினால், அது இரத்தத்தில் கலந்து ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க இயலாத வடிவமாக்கிவிடும். இரத்தம் பழுப்பேறி மாடு மூச்சுத் திணறும்.

சில வேதிப்பொருட்கள் பாக்டீரியாக்களையே நேரடியாகத் தாக்கக்கூடியவை. களைக்கொல்லியான கிளைஃபோசேட், ஷிகிமேட் பாதை எனப்படும் வேதித் தொடரில் ஒரு நொதியை அடைத்து, சில அமினோ அமிலங்களைச் செடி உற்பத்தி செய்ய விடாமல் தடுக்கிறது. பாலூட்டிகளின் உயிரணுக்களில் அந்தப் பாதை இல்லை. குடல் பாக்டீரியாக்கள் பலவற்றில் உண்டு. எனினும் எல்லா வகைகளும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. உணவிலிருந்தே அந்த அமினோ அமிலங்கள் போதிய அளவு கிடைக்கும்போது பாதிப்பு குறைவதாகவும் எலி ஆய்வு காட்டுகிறது.

மீன் இல்லாத சோறு அரிதான நம் கடலோர ஊர்களுக்குப் பாதரசத்தின் கதை முக்கியமானது. சுறா போன்ற பெரிய மீன்களின் தசையில் சேரும் மெத்தில் பாதரசம், கல்லீரலிலிருந்து பித்தநீரோடு குடலுக்கு வந்தாலும், மீண்டும் உறிஞ்சப்பட்டு உடலிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். குடல் பாக்டீரியாக்கள் அதன் மெத்தில் பகுதியைப் பிரித்துவிட்டால், எஞ்சும் பாதரசம் எளிதில் உறிஞ்சப்படாமல் மலத்தோடு வெளியேறுகிறது. ஆண்டிபயாட்டிக் கொடுத்துப் பாக்டீரியாக்களைக் குறைத்த எலிகளின் உடலில் பாதரசம் கூடுதலாகத் தங்கியது. பால்குடிக்கும் எலிக்குட்டிகளிலும் வெளியேற்றம் மிக மந்தமாகவே இருந்தது. பால்குடி மறந்து குடல் பாக்டீரியாக்கள் பெருகிய பின்னரே அது வேகம் பெற்றது. கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவைக் குறைத்து, பாதரசம் குறைவான சாளையையும் நெத்திலியையும் உண்பது நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.