ஈயமற்ற பற்றாசா, காரீயமற்ற பற்றாசா?

ஒரு மின்சுற்றுப் பலகையின் கையேட்டை மெய்ப்புப் பார்க்க அனுப்பியிருந்தார்கள். ‘ஈயமற்ற பற்றாசு கொண்டு இணைக்கப்பட்டது’ என்று அதில் இருந்தது. பற்றாசு என்பது சால்டர், உலோகத் துண்டுகளை ஒட்டவைக்கும் பொருள். இந்த மாதத்தில் இது மூன்றாவது கையேடு. ‘லெட் ஃப்ரீ’ என்பதைக் கணினி ‘ஈயம் இலவசம்’ ஆக்கினால்கூடப் பரவாயில்லை, சிரித்துவிட்டு அடித்துவிடலாம். ‘ஈயமற்ற’ நல்ல தமிழ் வேடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கருமை + ஈயம் காரீயம்; ஆங்கிலத்தில் லெட். வெண்மை + ஈயம் வெள்ளீயம்; ஆங்கிலத்தில் டின். லத்தீன்காரர்களும் இவற்றைக் கருப்பு ப்ளம்பம், வெள்ளை ப்ளம்பம் என்றுதான் பிரித்தார்கள்.

வெறும் ‘ஈயம்’ என்றால் எது? ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம். புளித்தண்ணீர் ஊற்றாமல் அடுப்பிலேற்றினால் 232 டிகிரியில் உருகி ஓடிவிடும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் வெள்ளீயத்தால்தான். நஞ்சு என்று விலக்கப்படுவது காரீயம். இப்போது பரவலாகப் புழங்கும் காரீயமற்ற பற்றாசு ஒன்றில் 100 கிராமுக்கு 96.5 கிராம் வெள்ளீயம், 3 கிராம் வெள்ளி, அரை கிராம் செம்பு. இதைப் போய் ‘ஈயமற்ற’ என்றால், ஈயம் போக மிச்சம் மூன்றரை கிராம்தான்! பழைய பற்றாசில்கூட வெள்ளீயம் 63 பங்கு, காரீயம் 37 பங்கு.

‘காரீயம் என்றால் பென்சிலுக்குள் இருப்பதல்லவா?’ என்றார் ஒரு மொழிபெயர்ப்பாளர். அது கிராஃபைட் என்ற கரி, ஐயா. ஒரு பிழைக்கு இன்னொரு பிழை எப்படிச் சாட்சியாகும்?

‘காரீயம் நீக்கிய’ என்பதும் சரிவராது. இருந்ததைத்தானே நீக்க முடியும்? இந்தக் கலவையில் அதைச் சேர்ப்பதே இல்லை. ‘அற்ற’ என்பதிலும் சிறு பொய் உண்டு: 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலும், 2014 மே 1 முதல் இந்தியாவிலும் நடப்பில் உள்ள, மின்னணுக் கருவிகளில் நச்சுப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் விதிகள் எடையில் 0.1 சதவீதம் வரை காரீயத்தை அனுமதிக்கின்றன. அந்தப் பொய்யை நான் பொறுத்துக்கொள்வேன். அதே விதியை ‘நச்சுப்பொருள் தடைச் சட்டம்’ என்று எழுதுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. வரம்பும் விலக்கும் வைத்திருப்பது தடையா, கட்டுப்பாடா? தலைப்பைக்கூடச் சரியாகப் படிக்காமல் மொழிபெயர்த்தால் இப்படித்தான்.

சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் இந்தத் தொல்லையே இல்லை. அங்கே பற்றாசுக் கம்பிக்கே ‘லெட்’ என்றுதான் பெயர். ‘லெட் ஃப்ரீ லெட் இருக்கா?’ என்று கேட்டேன். கடைக்காரர் முகத்தில் சலனமே இல்லை; ‘அரைக் கிலோவா, நூறு கிராமாண்ணே?’ என்றார்.