ஃபிரெட்போர்டுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், தயவுசெய்து

என் பழுது பார்க்கும் கடைக்கு இந்த மாதத்தில் வந்த மூன்றாவது கிட்டார் இது. பையின் ஜிப்பைத் திறந்ததுமே எண்ணெய்ச் சிக்கு வாடை. பத்தாம் வகுப்புப் பையன், அப்பாவோடு வந்திருந்தான். "வாராவாரம் எண்ணெய் போட்டுத் துடைக்கிறேன் அண்ணா, ஆனா கை ஓடவே மாட்டேங்குது" என்றான். என்ன எண்ணெய் என்று கேட்கவே தேவையில்லை. தலைக்கு வைப்பதுதான்.

ஃபிரெட்போர்டு என்பது கிட்டாரின் கழுத்தில் விரல் வைத்து அழுத்தும் பலகை. இவனுடையது ஈட்டி மரம், அதாவது ரோஸ்வுட். மரத்தின் ரேகையே தெரியவில்லை. பலகையின் குறுக்கே பதித்த கம்பிகளான ஃபிரெட்டுகள் ஒவ்வொன்றின் ஓரத்திலும் வியர்வையும் தோல் துணுக்கும் எண்ணெயும் குழைந்து மை மாதிரி அப்பியிருந்தது. இரண்டு ஃபிரெட்டின் நுனி தூக்கிக்கொண்டு நின்றது. திரும்பப் பசை வைத்து உட்கார வைக்கலாம் என்றால், எண்ணெய் ஊறிய மரத்தில் பசை பிடிக்காது. முதலில் அந்த எண்ணெயை வெளியே எடுக்க வேண்டும். அரை மணி நேர வேலை இரண்டு நாள் வேலையானது.

பையனைத் திட்ட மனசு வரவில்லை. அவன் அக்கறையாகத்தான் செய்திருக்கிறான். "மரம் காய்ஞ்சு கிடக்கு, எண்ணெய் கொடு" என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். என் பொறுமையைச் சோதிப்பது இந்த ஒரு வாக்கியம்தான்.

மரம் காய்கிறது என்றால் அதிலுள்ள ஈரப்பதம் குறைகிறது என்று அர்த்தம். ஈரப்பதம் என்பது தண்ணீர். எண்ணெய் தண்ணீர் இல்லை. நீங்கள் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றினாலும் மரம் இழந்த ஈரத்தில் ஒரு துளிகூடத் திரும்பி வராது. மரம் ஈரத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுக்கிறது, காற்றுக்கே விடுகிறது. கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீதம் வரை காற்றில் ஈரப்பதம் இருந்தால் போதும். நம் சென்னைக் காற்றில் பெரும்பாலான நாட்களில் அதைவிட அதிகமாகவே இருக்கும். இந்த ஊரில் உங்கள் ஃபிரெட்போர்டு தாகத்தில் தவிக்கவில்லை! இரவும் பகலும் ஏசி ஓடும் அறை மட்டும் விதிவிலக்கு. அங்கே மரம் சுருங்கி, ஃபிரெட் நுனிகள் பக்கவாட்டில் நீட்டிக் கையைக் கீறும். அதற்கும் மருந்து எண்ணெய் இல்லை. கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள், உள்ளே ஈரப்பதம் காக்கும் பாக்கெட் ஒன்று போடுங்கள்.

அதே ஏசி அறையில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும் என்பதையும் யோசியுங்கள். மரத்துளைகளில் வெள்ளை வெள்ளையாக நிற்கும். நல்லெண்ணெய் இன்னும் மோசம். பழைய குத்துவிளக்கின் அடியில் விரலை வைத்துப் பாருங்கள், அந்தப் பிசுக்குதான் ஃபிரெட்போர்டிலும் வரும்.

"வீணைக்கு எண்ணெய் தொட்டு வாசிக்கிறார்களே?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அந்த எண்ணெய் தந்தியின் மேல் விரல் வழுக்கிப் போவதற்கு. வீணையில் மெட்டுகள், அதாவது அதன் ஃபிரெட்டுகள், மெழுகின் மேல் உயரமாக நிற்கின்றன, மரத்துக்கு அங்கே எண்ணெய் பூசுவதில்லை.

இன்னொருவர் எலுமிச்சம்பழத்தை நறுக்கி, பித்தளைப் பாத்திரம் துலக்குவது போலத் தேய்த்திருந்தார். கடையில் விற்கும் 'லெமன் ஆயில்' புட்டியில் பெரும்பாலும் இருப்பது வாசனை சேர்த்த மினரல் ஆயில். பழச்சாறு அமிலம். மரத்துக்கும் ஆகாது, ஃபிரெட் கம்பிக்கும் ஆகாது.

சரி, என்னதான் செய்வது? வாசிக்கும் முன் கை கழுவுங்கள். முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஸ்ட்ரிங்கையும் அதன் அடியையும் துடையுங்கள். இது ஒன்றைச் செய்தாலே என் கடைக்கு வரும் பாதிப் பேர் வர வேண்டியதில்லை. ஸ்ட்ரிங் மாற்றும்போது, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணி. ஃபிரெட் ஓரத்து அழுக்குக்குப் பழைய டூத்பிரஷ், இல்லாவிட்டால் காலாவதியான ஏடிஎம் கார்டு. கத்தி, பிளேடு, பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. மெல்லிய ஸ்டீல் வுல்கூட எலெக்ட்ரிக் கிட்டாரில் ஆபத்துதான், அதன் துகள்களைப் பிக்கப்பின் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம்) காந்தம் இழுத்து வைத்துக்கொள்ளும். நாங்களே பிக்கப்பை டேப் ஒட்டி மூடிவிட்டுத்தான் அதைத் தொடுவோம். சானிடைசர் வேண்டவே வேண்டாம்.

எண்ணெய் வருடத்துக்கு இரண்டு முறை போதும், அதுவும் ரோஸ்வுட்டுக்கும் கருங்காலிக்கும் மட்டும். முழு போர்டுக்கும் நான்கைந்து சொட்டு மினரல் ஆயில், துணியில் விட்டுத் தடவி, ஐந்து நிமிடத்தில் மிச்சமில்லாமல் துடைத்து எடுத்துவிடுங்கள். வெளிர் நிற மேப்பிள் ஃபிரெட்போர்டின் மேல் பெரும்பாலும் வார்னிஷ் மாதிரிப் பூச்சு இருக்கும். அதற்கு எண்ணெயே கிடையாது, துணி மட்டும்தான். அப்புறம், விலை குறைந்த கிட்டாரைத் துடைக்கும்போது துணியில் கறுப்பு இறங்கினால் எல்லாமே அழுக்கு என்று நினைத்துத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே இருக்காதீர்கள். கருங்காலி போலத் தெரிவதற்காக அடித்த சாயமாகவும் இருக்கலாம்.

ஏற்கெனவே தேங்காய் எண்ணெய் போட்டுவிட்டீர்களா? பயப்படாதீர்கள். இன்றோடு நிறுத்துங்கள், அதை எடுக்கிறேன் என்று மண்ணெண்ணெய், தின்னர் எல்லாம் ஊற்றாதீர்கள். உலர்ந்த துணியால் வருகிற வரை துடைத்துவிட்டு, ஃபிரெட் எதுவும் தூக்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தூக்கியிருந்தால் நீங்களாகச் சுத்தியலால் தட்டாமல், அப்படியே பழுது பார்ப்பவரிடம் கொண்டு போங்கள்.