நேராக வாங்கிய பலகை ஏன் குழிகிறது?

"மில்லில் வாங்கும்போது நூல் பிடித்தாற்போல் நேராக இருந்த பலகை, ஒரே மாதத்தில் ஓடு மாதிரி குழிந்துவிட்டது. கோளாறு ரம்பத்திலா, மரத்திலா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ரம்பம் பாவம், மரமும் பாவம். ஈரம் போவதற்குள் யாரோ அவசரப்பட்டு விற்றிருக்கிறார்கள். சின்ன ஊரில் புதிதாக மரம் அறுக்கும் மில் தொடங்குகிறவர் முதல் ஒன்றிரண்டு வருஷம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் புகாரே இதுதான்.

அறுக்கும் வித்தை பழையது. 1594இல் ஹாலந்தில் கொர்னேலிஸ் கொர்னேலிஸ்ஸோன் காற்றாலையை வைத்தே மரம் அறுத்தார். 19ஆம் நூற்றாண்டில் வட்ட ரம்பத்தோடு நீராவி எஞ்சினும் சேர்ந்துகொள்ள, ஆறு இல்லாத ஊரிலும் மில் வைக்க முடிந்தது. எஞ்சினுக்கு எரிபொருள் வெளியே தேட வேண்டாம், பட்டையோடு கழித்துப்போட்ட ஓரப்பலகையும் மரத்தூளும் போதும். தூளுக்கா பஞ்சம்? பழைய வட்ட ரம்பம் ஒவ்வொரு அறுப்புக்கும் கால் அங்குலம் வரை தின்றுவிடும், ஓர் அங்குலப் பலகைக்காக நாலு தடவை ஓட்டினால் ஒரு முழுப் பலகையே தூளாகப் போய்விடும். ஆக, தடியும் ரம்பமும் எஞ்சினும் இருந்தால் முதல் நாளே பலகை தயார். விற்கத்தான் அது தயாராக இருக்காது.

பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கிறது. மரம் என்பது நெடுக்காக அடுக்கிய கோடிக்கணக்கான நுண்குழாய்கள். அந்தக் குழாய்களின் உள்ளே நிற்கும் தண்ணீர் ஒன்று, குழாய்ச் சுவருக்குள்ளேயே ஊறிப்போன தண்ணீர் இன்னொன்று. அறுத்தவுடன் முதலில் வெளியேறுவது குழாய்க்குள் நிற்பது. அப்போது எடை குறையுமே தவிர அளவு மாறாது, பலகையும் சாதுவாகக் கிடக்கும், புது மில்காரரும் இதோ காய்ந்துவிட்டது என்று நம்பிவிடுவார். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் தண்ணீர் மிச்சம் இருக்கும் கட்டத்தில் குழாய்கள் காலியாகிவிடும். அப்புறம்தான் சுவரில் ஊறிய தண்ணீர் கிளம்ப ஆரம்பிக்கும், சுருக்கமும் அப்போதுதான் தொடங்கும். 1906இல் ஹாரி டீமன் என்ற அமெரிக்கர் இந்த எல்லைக்கோட்டை அடையாளம் கண்டு பெயரிட்டார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிதான் வருகிறது. சுவரில் இருக்கும் செல்லுலோஸ் நார்கள் பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கில் ஓடுகின்றன. தண்ணீர் உட்கார்ந்திருப்பது நாருக்கும் நாருக்கும் நடுவே. அது எழுந்து போனால் நார்கள் பக்கவாட்டில் நெருங்குமே ஒழிய நீளத்தில் குறைய வழியில்லை. அதனால் மூன்று மீட்டர் பலகை காய்ந்தால் நீளத்தில் சில மில்லிமீட்டர்தான் போகும், அகலத்திலோ கதையே வேறு. அதிலும் ஒரு பாரபட்சம் உண்டு. மரத்தின் மையத்திலிருந்து பட்டை நோக்கிய திசையில் சுருங்குவதைப் போலச் சுமார் இரண்டு மடங்கு, ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்கும். மையத்திலிருந்து வெளியே ஓடும் கதிர்த் திசுக்கள் அந்தத் திசையில் இழுத்துப் பிடித்துக்கொள்வது இதற்கு ஒரு காரணம்.

சரி, உங்கள் பலகையின் முனையைப் பாருங்கள். வளையங்கள் வில் வில்லாகத் தெரியும். பட்டைப் பக்கத்து முகத்தில் வளையக்கோடுகள் பெரும்பாலும் அகலத்தோடு ஒட்டி ஓடுவதால் அந்த முகம் அதிகம் சுருங்கும், மையப் பக்கத்து முகம் அந்த அளவுக்குச் சுருங்காது. ஒரு பக்கம் அதிகம் சுருங்கினால் அந்தப் பக்கம் குழியத்தானே வேண்டும்? வில்லாக வளைந்த வளையங்கள் நிமிர்ந்து நேராகப் பார்க்கின்றன என்று நினைத்துக்கொண்டால் எந்தப் பலகை எந்தப் பக்கம் வளையும் என்பதை அறுத்த அன்றைக்கே சொல்லிவிடலாம். நான் எந்தப் பலகையைக் கண்டாலும் முனையைக் குனிந்து பார்க்கிறவன்.

தேய்பிறையில் வெட்டிய மரம் வளையாது, வண்டு அரிக்காது என்ற நம்பிக்கை ரோமானியர் காலத்திலிருந்தே பல நாடுகளில் இருக்கிறது. பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதியை அரிக்கும் வண்டுக்குத் தேவை அங்கே சேர்ந்திருக்கும் மாவுச்சத்து, அதன் அளவு பருவத்துக்குப் பருவம் மாறும். ஆகவே எந்த மாதம் வெட்டினார்கள் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. நிலாவிடம் போய்க் கேட்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, பலகைக்கு நடுவே குச்சி வைக்காமல் அடுக்கிவிட்டுத் திதியைக் குறை சொல்கிறவர்கள் மேல் கொஞ்சம் கோபமே உண்டு.

காற்றில் உலர்த்த, குறுக்கே குச்சிகள் வைத்து நிழலில் அடுக்கி, முனைகளுக்கு மெழுகோ பெயிண்டோ பூசி (முனை வழியாக ஈரம் மிக வேகமாகப் போய் வெடிப்பு விழும்) அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்று காத்திருப்பது பழைய கணக்கு. கையிருப்புப் பணமெல்லாம் கொட்டகையில் அடுக்காக நிற்கும், புது மில்காரருக்கு இது தாங்காது. வெயிலில் போட்டு அவசரப்படுத்தினால் மேல்தோல் முதலில் காய்ந்து சுருங்கப் பார்க்கும், உள்ளே இருக்கும் ஈர மரம் விடாது. தோல் வெடிக்கும், இல்லாவிட்டால் இழுபட்ட நிலையிலேயே இறுகிவிடும்.

இதற்குக் கண்டுபிடித்த தீர்வு வேடிக்கையானது. மரத்தை உலர்த்த, மூடிய அறைக்குள் நீராவி விட்டார்கள்! சூடு உள்ளேயிருக்கும் ஈரத்தை வேகமாக வெளியே நகர்த்தும், அறையின் ஈரக்காற்று தோல் முந்திக்கொண்டு காயாமல் பார்த்துக்கொள்ளும், பிறகு ஈரப்பதத்தைப் படிப்படியாகக் குறைப்பார்கள். வருஷக்கணக்கு, வாரக்கணக்கு ஆயிற்று. இதையெல்லாம் பொறுமையாக அளந்த இடங்களில் ஒன்று, 1910இல் மேடிசன் நகரில் அமெரிக்க அரசு தொடங்கிய மரப்பொருள் ஆய்வகம். பலகை காய்வதைப் பார்க்க அரசுப் பணமா என்று சிரிக்கலாம்தான், ஆனால் எந்தச் சின்ன மில்லாலும் தன் செலவில் இதைச் செய்திருக்க முடியாது.

உலர்த்திய பலகைக்குள் இழுவிசை மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை ரொம்ப எளிது. பலகையின் குறுக்கே ஒரு துண்டு அறுத்து, நடுப்பகுதியை வெட்டியெடுத்து இரண்டு பல் உள்ள முள்கரண்டிபோல ஆக்குவார்கள். பற்கள் நேராக நின்றால் நல்லது. ஒன்றை நோக்கி ஒன்று உள்ளே சாய்ந்தால், அந்த அடுக்கு முழுவதும் திரும்பவும் நீராவிக்குள் போகும்.