விளம்பர வரவு: ‘கிரெடிட்’ எல்லா இடத்திலும் கடன் ஆகாது

இணைய விளம்பரக் கணக்கு தொடங்குவோருக்கு அந்நிறுவனங்கள் அளிக்கும் ‘ஆட் கிரெடிட்’ என்பதை ‘விளம்பரக் கடன்’ என்று எழுதும் வழக்கம் உதவிப் பக்கங்களிலும் பயிற்சிக் காணொளிகளிலும் வேரூன்றிவிட்டது. “உங்கள் கணக்கில் விளம்பரக் கடன் சேர்க்கப்பட்டுள்ளது” என்னும் அறிவிப்பைப் படிக்கும் புதியவர், தாம் கேளாமலே தம் தலையில் ஒரு கடன் ஏற்றப்பட்டுவிட்டதாகத்தான் பொருள் கொள்வார். உண்மையோ இதற்கு நேர் எதிரானது. அவர் செலுத்த வேண்டிய விளம்பரக் கட்டணத்தில் அந்த அளவுக்குக் கழித்துக்கொள்வோம் என்பதே நிறுவனம் சொல்ல வந்த செய்தி. பொருளைத் தலைகீழாக்கும் மொழிபெயர்ப்பை ‘பழகிவிட்டது’ என்று ஏற்றுக்கொள்ள இயலாது. இதற்குரிய தமிழ்ச்சொல் ‘வரவு’. அதைப் புதிதாக ஆக்க வேண்டியதும் இல்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘நம்புதல்’ என்னும் பொருளுள்ள ‘கிரெடெரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து, நம்பி ஒப்படைக்கப்பட்டது என்னும் பொருளில் ‘கிரெடிட்டும்’ என்ற இலத்தீன் பெயர்ச்சொல் பிறந்தது. அது இத்தாலிய, பிரெஞ்சு மொழிகளின் வழியே பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே நம்பிக்கை, நற்பெயர், கடனாகத் தரும் பொருள், கணக்கேட்டின் ஒரு பக்கம் என்று கிளை கிளையாகப் பிரிந்தது. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்று, வரவு என்று இரு பக்கங்களில் எழுதும் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை இத்தாலியக் கணிதவியலாளர் லூக்கா பச்சோலி 1494இல் வெனிசில் அச்சிட்ட நூலில் விளக்கினார். அவருக்கு முன்பே வணிகர்களிடம் அம்முறை வழங்கியது. கணக்கேட்டின் பக்கமாகிய பொருளே விளம்பரக் கணக்கில் வரும் கிரெடிட்டின் பொருள். கடன் கொடுத்தல் என்னும் கிளைக்கும் அதற்கும் வேர் ஒன்று, பயன் வேறு.

அந்தப் பக்கத்துக்குத் தமிழ் வணிகர் கணக்கில் பெயர் உண்டு. ஒருவர் பெயரில் திறக்கப்படும் ஏட்டில் அவர் நம்மிடமிருந்து பெற்றுக்கொண்டது பற்று. அவரிடமிருந்து நமக்கு வந்தது வரவு. ‘பற்று வரவு’ என்ற தொடரைக் கணக்குப்பதிவியல் பாடநூல்களும் அப்படியே ஆள்கின்றன. விளம்பர நிறுவனம் தன் ஏட்டில் நம் பெயருக்கு எதிரே, நாம் செலுத்தாத ஒரு தொகையை நம்மிடமிருந்து வந்ததாகவே கொண்டு வரவு எழுதுகிறது. ‘கணக்கில் வரவு வைக்கப்பட்டது’ என்று வங்கிகளும் நாளேடுகளும் எழுதும்போது எவரும் தயங்குவதில்லை. அதே வினை, அதே ஏடு, அதே பக்கம். விளம்பரத்துக்கு வரும்போது மட்டும் அச்சொல்லைக் கைவிட்டுக் கடனைத் தேடிப் போவதற்குக் காரணம் புலப்படவில்லை.

கடன் என்று பெயர்த்தவர்கள் முன்வைக்கும் வாதம், அகராதியில் கிரெடிட் என்பதற்குக் கடன் என்றே போட்டிருக்கிறது என்பது. போட்டிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அகராதி ஒரு சொல்லுக்கு எட்டுப் பொருள் தந்தால், எட்டில் எது இவ்விடத்துக்கு உரியது என்று தெரிந்தெடுப்பதே மொழிபெயர்ப்பாளரின் பணி. முதலில் கண்ணில் படுவதை எடுத்து ஒட்டுவதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. ‘கடன் அட்டை’ என்பது பிழையற்ற பெயர். ஏனெனில் அட்டை வழங்கும் வங்கி நமக்காக முதலில் பணம் செலுத்துகிறது, நாம் பிறகு திருப்பித் தருகிறோம். திருப்பித் தரும் பொறுப்பு இருக்குமிடத்தில் கடன் பொருந்தும். விளம்பர வரவைத் திருப்பித் தர வேண்டியதே இல்லை. பொறுப்பு இல்லாத இடத்தில் கடன் என்ற சொல்லுக்கு என்ன வேலை? புறநானூற்றின் 312ஆம் பாடலில் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் இன்னின்ன கடன் என்று வகுக்கப்படுவது அவரவர் கடமையைத்தான். கடமையாக இருந்த காலத்திலும் சரி, கைமாற்றாக வழங்கும் இக்காலத்திலும் சரி, செய்தோ கொடுத்தோ தீர்க்க வேண்டியது என்னும் கருத்து இச்சொல்லை விட்டு விலகியதே இல்லை. அந்தக் கருத்து அறவே இல்லாத ஒன்றுக்குக் கடன் என்று பெயர் வைப்பது, இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தன் பொருளைக் காத்துவந்த ஒரு சொல்லைக் கலங்கடிப்பதாகும்.

இப்பிழை ஏட்டளவில் நிற்பதும் இல்லை. பயன்படுத்துவோரின் கைப்பொருளைப் பாதிக்கிறது. ‘பயன்படுத்தாத கடன் காலாவதியாகிவிடும்’ என்ற எச்சரிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் காலாவதியான கடன் என்பது, கேட்டு வாங்கும் காலவரம்பு கடந்துபோன கடன். கடன்பட்டவருக்கு அது நல்ல செய்தி. ஆகவே இந்த வாக்கியத்தைப் படிப்பவர் காத்திருப்பதே நன்று என்று எண்ண இடமுண்டு. காத்திருந்தால் இழப்பவரோ அவரே. ‘பயன்படுத்தாத வரவு இந்த நாளுக்குப் பின் செல்லாது’ என்று எழுதியிருந்தால் ஐயத்துக்கே இடமில்லை.

இன்னொரு தீங்கு இதைவிடப் பெரிது. வரவு தீர்ந்துவிட்டால் விளம்பரங்கள் தாமாக நின்றுவிடுவதில்லை. தானியங்கிக் கட்டண முறையில் உள்ள கணக்கில் அவை தொடர்ந்து ஓடும், கட்டணம் அட்டையிலிருந்து எடுக்கப்படும். கடன் என்ற சொல்லை நம்பியவர், எடுக்கப்படும் பணத்தைப் பழைய கடனுக்கான தவணை என்று கருதிச் சும்மா இருந்துவிடுவார். அது புதிய செலவு என்பதையும், விளம்பரத்தை இடைநிறுத்தினால் நின்றுவிடும் என்பதையும் அச்சொல் மறைத்துவிடுகிறது. நாளொன்றுக்கு இவ்வளவுதான் செலவு என்று நாள் வரம்பு வைத்திருக்கிறோம் என ஆறுதல் கொள்வதும் போதாது. கூகுள் ஆட்ஸில் பொதுவாக ஒரு நாளில் சராசரி நாள் வரம்பின் இரு மடங்கு வரை செலவாகலாம். மாதத்துக்கு அவ்வரம்பின் 30.4 மடங்குக்கு மேல் போகாது என்பதே அங்குள்ள உறுதி.

மாற்றாகச் சிலர் முன்மொழியும் சொற்களையும் பார்த்துவிடுவோம். ‘சலுகைத் தொகை’ என்பது கடனைவிட ஆயிரம் மடங்கு மேல். புதிய வாடிக்கையாளருக்கான அறிமுகக் கொடை எனில் தாராளமாக எழுதலாம். ஆனால் போலிச் சொடுக்குகளுக்காக வாங்கப்பட்ட கட்டணத்தை நிறுவனம் கண்டறிந்து கணக்கில் ஈடுசெய்யும்போது அதுவும் கிரெடிட்டாகவே வருகிறது. அது சலுகை அன்று. நமக்குச் சேர வேண்டியது. உரிமையாக வருவதைச் சலுகை என்று சொல்வது, கொடுப்பவருக்கு இல்லாத பெருந்தன்மையை ஏற்றிக் கூறுவதாகும். வரவு இரண்டையும் ஏற்கும்: முன்னதைச் ‘சலுகை வரவு’ என்றும் பின்னதை ‘ஈட்டு வரவு’ என்றும் பிரித்துக்கொள்ளலாம். ‘புள்ளி’ என்பது விளையாட்டுச் செயலிகளிலிருந்து வந்த பழக்கம்; விளம்பர வரவு பணத்தின் அலகிலேயே குறிக்கப்படுவதால் அது பொருந்தாது. ‘இலவசப் பணம்’ என்பது விற்பனைக் கூவல். பெரும்பாலான சலுகைகளில் முதலில் நம் பணத்தில் குறிப்பிட்ட அளவு செலவழித்த பின்னரே வரவு வைக்கப்படும். அதைப் பணமாக எடுக்கவும் இயலாது, வேறொரு கணக்குக்கு மாற்றவும் இயலாது. ‘கிரெடிட்’ என்றே தமிழ் எழுத்தில் எழுதுவோரைக் கடன் என்று எழுதுவோரைவிட மதிக்கிறேன். அவர்கள் குறைந்தது பொய் சொல்லவில்லை. ஆயினும் பொருத்தமான தமிழ்ச்சொல் வழக்கிலேயே இருக்கும்போது ஆங்கிலச் சொல்லை இரவல் வாங்க வேண்டியதில்லை.

வரவு என்ற சொல்லின் மீதும் ஒரு தடை எழுப்பப்படுகிறது. வரவு செலவுத் திட்டம் என்பதில் வரவு வருமானத்தைக் குறிக்கிறதே, ‘விளம்பர வரவு’ என்றால் விளம்பரம் வெளியிட்டு ஈட்டும் வருமானம் என்று படிக்க நேராதா என்பது அத்தடை. இது நேர்மையான ஐயம். விளம்பரத்தால் வருவாய் ஈட்டும் வலைத்தளத்தார் இருப்பதால் வெறும் கற்பனையும் அன்று. ஈட்டும் பணத்துக்கு ‘வருவாய்’ என்பதை நிலைநிறுத்திக்கொண்டு, கணக்கில் எழுதப்படுவதற்கு மட்டும் வரவை ஒதுக்கினால் மயக்கம் தீரும். முதல்முறை குறிப்பிடும்போது ‘விளம்பரச் செலவுக்கான வரவு’ என்று விரித்து எழுதிவிட்டுப் பின்னர் சுருக்குவது இன்னும் நல்லது.

இத்தகைய பிழைகள் எங்கிருந்து வருகின்றன என்பதும் தெரிந்ததே. செயலியின் சொற்கள் முன்பின் இன்றி உதிரிச் சரங்களாக மொழிபெயர்ப்பாளரிடம் தரப்படுகின்றன; அச்சொல் எந்தத் திரையில், எந்த எண்ணுக்கு மேலே தோன்றும் என்பதை அவர் அறியார். இதில் அவர்மீது பரிவே கொள்கிறேன். ஆனால் அவரது மொழிபெயர்ப்பைத் திரையில் ஏற்றிய பிறகு, தமிழ் அறிந்த ஒருவர் ஒருமுறை முழுமையாகப் படித்துப் பார்க்கும் வழக்கம் இல்லாமற் போனதை மன்னிக்க முடியாது. அதன்பின் பொறி மொழிபெயர்ப்பு அதே பிழையைக் கற்றுக்கொண்டு ஆயிரம் பக்கங்களில் பரப்புகிறது; பிறகு அந்த ஆயிரம் பக்கங்களே வழக்குக்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன.

வரவைப் பயனுறச் செலவழிக்க வேண்டுமாயின் அதன் விளைவை அளந்தாக வேண்டும். அங்கேயும் சொற்கள் காலை வாருகின்றன. ‘சைன் அப்’ என்பதைக் ‘கையொப்பமிடு’ என்று பெயர்த்ததைக் கண்டிருக்கிறேன்; கையொப்பத்துக்கும் அதற்கும் இன்று தொடர்பே இல்லை. வெறும் ‘பதிவு’ என்றாலோ சமூக ஊடக இடுகையும் அதுவே. ‘பெயர்ப்பதிவு’ என்பதே தெளிவானது. விளம்பரத்தைச் சொடுக்கியவர்களில் எத்தனை பேர் நாம் எதிர்பார்த்த செயலைச் செய்தனர் என்று காட்டும் ‘கன்வெர்ஷன் ரேட்’ என்பதை ‘மாற்று விகிதம்’ என்பவர்கள் அது நாணய மாற்று விகிதம் என்பதை மறந்துவிடுகிறார்கள். நாம் எதிர்பார்த்த செயல் பெயர்ப்பதிவு என்றால் ‘பெயர்ப்பதிவு விகிதம்’ என்று செயலின் பெயரையே சொல்லிவிடலாம். ‘டிராக்கிங்’ என்பதற்குக் ‘கண்காணிப்பு’ எங்கும் பரவியுள்ளது. எந்த விளம்பரத்தின் வழியே எத்தனை பேர் வந்தனர் என்று எண்ணுவது தடமறிதல். ஒரே ஆளைத் தளம் தளமாகத் தொடர்ந்து அவரது நடத்தையைத் திரட்டுவதற்கு மட்டும் கண்காணிப்பு என்ற கடுஞ்சொல்லை வைத்துக்கொள்வோம். அங்கே அதை மென்மையாக்கவும் கூடாது. 2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5 முதல் ஆப்பிள், பிற செயலிகளிலும் தளங்களிலும் தொடர்வதற்குப் பயனரின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது இந்த இரண்டாம் வகைக்காகத்தான்.

தடமறியும் ஏற்பாட்டை முடித்த பிறகே, சலுகை வரவைப் பெறுவதற்கான சலுகைக் குறியீட்டைக் கணக்கில் இட வேண்டும் என்பேன். கூகுள் ஆட்ஸின் வழக்கமான அறிமுகச் சலுகைகளில், முதல் விளம்பரம் காட்டப்பட்ட 14 நாட்களுக்குள் குறியீட்டை இடவும், இட்ட 60 நாட்களுக்குள் உரிய அளவு செலவழிக்கவும் வேண்டும். குறியீடு இடுவதற்கு முன் ஆன செலவு வரவில் கழியாது. எனவே தடமறி நிரலை ‘பெயர்ப்பதிவு நிறைவுற்றது’ என்று காட்டும் பக்கத்தில் முதலிலேயே பொருத்திவிட வேண்டும். படிவத்தை அனுப்பும் பொத்தானில் பொருத்தினால் படிவத்தைப் பிழையாக நிரப்பியவரும் எண்ணிக்கையில் ஏறிவிடுவார். ஒரு சொடுக்குக்கு ஒரு பெயர்ப்பதிவே எண்ணப்படும்படி அமைத்து, தாமே ஒருமுறை பதிந்து பார்த்து, பிறகு விளம்பரத்தை ஓட விடுவது முறை. பிற இடங்களில் தரும் இணைப்புகளுக்கு, வந்த வழியைக் காட்ட இணைய முகவரியின் இறுதியில் சேர்க்கும் யுடிஎம் குறிகளை ஒட்டினால், மூலம், ஊடகம், பிரசாரம் ஆகிய மூன்றும் முகவரியோடு வந்து சேரும்.

அளந்த பிறகு வரும் அறிக்கையில் கிரெடிட் மீண்டும் தலைகாட்டுகிறது, முற்றிலும் வேறு பொருளில். ஒரு பெயர்ப்பதிவை ஈட்டித் தந்தது எந்த விளம்பரம் என்பதே அங்குள்ள கேள்வி. ‘கடைசிச் சொடுக்குக்கு முழுக் கடன் வழங்கப்படும்’ என்று அதையும் கடனாக்கிவிட்டனர். இதைத் தமிழ் வாக்கியம் என்று ஏற்பவர் யார்? வரவும் இங்கே பொருந்தாது. இங்கு வேண்டிய சொல் ‘பங்கு’. கூகுள் 2023இல், எந்த விளம்பரத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்கும் பழைய பங்கீட்டு முறைகளில் பலவற்றைக் கைவிட்டது; தரவு வழி முறையும் கடைசிச் சொடுக்கு முறையும் எஞ்சின. தரவு வழி முறையில் ஒரு பெயர்ப்பதிவு பல விளம்பரங்களுக்குப் பின்ன அளவில் பிரித்து ஏற்றப்படும். அரைப் பங்கு, கால் பங்கு, முழுப் பங்கு என்று எளிதாகச் சொல்லலாம்; அரைக் கடன் என்று சொல்லிப் பாருங்கள்.

இந்தச் சொல் தெளிவாக இருந்தால் ஒரு நடைமுறைக் குழப்பமும் விளங்கும். ஒருவர் திங்களன்று கூகுள் விளம்பரத்தையும் வியாழனன்று முகநூல் விளம்பரத்தையும் சொடுக்கி, வெள்ளியன்று பெயர் பதிகிறார் என்க. ஒரு பெயர்ப்பதிவைத் தன் விளம்பரத்தால் வந்ததாகக் கொள்ளும் கூகுளின் இயல்பான கால எல்லை சொடுக்கிலிருந்து 30 நாள்; முகநூலின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 7 நாள். இரண்டும் தத்தம் அறிக்கையில் அவரைத் தம் கணக்கிலேயே எழுதிக்கொள்ளும். பதிந்தவர் ஒருவர், அறிக்கைகளின் கூட்டுத்தொகையோ இரண்டு. ஒன்று மற்றதன் பங்கை அறியாது. ஆகவே வரவு எங்கே நன்கு செலவாகிறது என்பதை முடிவுசெய்யுமுன், இரு அறிக்கைகளையும் நம்மிடம் உள்ள பெயர்ப்பதிவுப் பட்டியலோடு வைத்துச் சரிபார்த்தாக வேண்டும்.