தடையில் மோதும் அதிவேக ரயில்: முதல் அச்சில் நடப்பது என்ன?

2008 ஏப்ரல் 26 அன்று இரவு, ஹாம்பர்க்கிலிருந்து மியூனிக் நோக்கிச் சென்ற ஐ.சி.இ. அதிவேக ரயில், ஜெர்மனியின் ஃபுல்டா நகருக்குத் தெற்கே லாண்ட்ரூக்கன் சுரங்கப்பாதையின் வாயிலில் தண்டவாளத்தில் நின்றிருந்த செம்மறியாட்டு மந்தையில் மோதியது. அப்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 210 கிலோமீட்டர். இரண்டு என்ஜின்களும் பன்னிரண்டு பெட்டிகளில் பத்தும் தடம் புரண்டன. சுரங்கத்துக்குள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பிறகே ரயில் நின்றது. கிட்டத்தட்ட இருபது பேர் காயமடைந்தார்கள். நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. சுமார் 800 டன் எடையுள்ள ஒரு ரயிலைச் சில ஆடுகள் தடத்திலிருந்து எப்படி இறக்கிவிட முடியும்?

மோதலின் வேகம் ரயிலை நிலைகுலையச் செய்கிறது என்பதுதான் நம் முதல் எண்ணம். கணக்குப் போட்டால் அது பொருந்தவில்லை. ஓர் ஆட்டின் எடை 60 கிலோ என்றும், இருபது ஆடுகள் ஒரே நேரத்தில் அடிபட்டன என்றும் வைத்துக்கொண்டால், ரயில் எதிர்கொண்ட நிறை 1.2 டன். உந்தம் மாறாது என்ற விதிப்படி, அந்த மந்தை முழுவதையும் தன் வேகத்துக்கு இழுத்துக்கொள்வதால் ரயில் இழப்பது மணிக்கு அரைக் கிலோமீட்டர் வேகம்கூட இல்லை. பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வேக இழப்பு தெரியவே தெரியாது. ஆபத்து வேகம் குறைவதில் இல்லை. ரயிலின் அடியில் என்ன போகிறது என்பதில் இருக்கிறது.

ரயிலைத் தடத்தில் பிடித்து வைத்திருப்பது எது என்று பார்த்தால் இது விளங்கும். ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறத்திலும் ஒரு விளிம்பு உண்டு. அது தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து கீழே இறங்கியிருக்கும் ஆழம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. சக்கரத்தைப் பக்கவாட்டில் எது தள்ளினாலும் விளிம்பு தண்டவாளத்தின் உட்பக்கத்தில் உரசி அதைத் தடுக்கும். ஆனால் சக்கரம் போதுமான எடையோடு கீழே அழுந்தியிருக்கும் வரைதான் இந்தத் தடுப்பு வேலை செய்யும். பக்கவாட்டு விசைக்கும் கீழ்நோக்கிய விசைக்கும் உள்ள விகிதம் ஓர் எல்லையைத் தாண்டினால் விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறத் தொடங்கும். எனவே ஒரு ரயிலைத் தடம்புரளச் செய்ய அதைப் பக்கவாட்டில் பலமாக இடிக்க வேண்டியதில்லை. சக்கரத்தின் மீதுள்ள எடையை ஒரு கணம் நீக்கிவிட்டால், சிறு தள்ளல்கூடப் போதும்.

எலும்பு போன்ற கடினமான ஒரு பொருள் மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் தண்டவாளத்தின் மேல் கிடப்பதாக வைத்துக்கொள்வோம். அரை மீட்டர் ஆரமுள்ள சக்கரம், அதைத் தொட்ட இடத்திலிருந்து உச்சிக்கு ஏற ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் முன்னே நகர வேண்டும். நொடிக்கு 58 மீட்டர் வேகத்தில் இதற்கு ஆகும் நேரம் ஆயிரத்தில் மூன்று பங்கு விநாடி. பொருள் நசுங்கிவிட்டால் தப்பித்தோம். நசுங்காவிட்டால் சக்கரம் மேலே எறியப்படும். அது நூறில் ஐந்து பங்கு விநாடி காற்றில் இருந்தாலும் அதற்குள் ரயில் மூன்று மீட்டர் கடந்துவிடுகிறது. வண்டி சற்றே பக்கவாட்டில் ஆடியிருந்தால், விளிம்பு மீண்டும் இறங்கும் இடம் தண்டவாளத்தின் உட்பக்கமாக இராது, அதன் தலையாக இருக்கும்.

இந்தச் சோதனையை முதலில் சந்திப்பது முதல் பெட்டியின் முதல் அச்சு, அதாவது முன்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் இரும்புத் தண்டு. அதன் மேல் உள்ள எடை குறைவாக இருந்தால் ஆபத்து கூடுகிறது. என்ஜின் பின்னால் இருந்து தள்ள, எடை குறைந்த பெட்டி முன்னால் செல்லும் ரயில்களில் இந்தக் கவலை எப்போதும் உண்டு. 1984 ஜூலை 30 அன்று ஸ்காட்லாந்தின் போல்மான்ட் அருகே அவ்வாறு தள்ளப்பட்டுச் சென்ற ரயில் ஒரே ஒரு பசுவின் மீது மோதித் தடம் புரண்டது. 13 பேர் இறந்தார்கள். அதன் பின்னரே பிரிட்டனில் இத்தகைய முன்பெட்டிகளில் தடைகளை ஒதுக்கித் தள்ளும் கனத்த இரும்புத் தகடு பொருத்தும் வேலை தீவிரமடைந்தது. நம் ரயில்வேயில் ‘கேட்டில் கார்டு’ (cattle guard) என்று சொல்வது இதைத்தான்.

அந்தத் தகடு தாங்க வேண்டிய விசை எளிதானதல்ல. 60 கிலோ எடையுள்ள உடல் நூறில் ஒரு பங்கு விநாடியில் ரயிலின் வேகத்தை அடைந்தால், தகட்டின் மீது சராசரியாக 35 டன் எடைக்குச் சமமான விசை விழும். கணக்கு தோராயமானதுதான், ஆனாலும் அளவு புரியும். மணிக்கு 160 கிலோமீட்டரும் அதற்கு மேலும் ஓடும் வண்டிகளின் தகடு நடுப்பகுதியில் 300 கிலோநியூட்டன், அதாவது சுமார் 30 டன் எடைக்குச் சமமான விசையைத் தாங்க வேண்டும் என்கிறது இ.என். 15227 என்ற ஐரோப்பியத் தரவிதி. தகட்டைத் தண்டவாளத்தை ஒட்டி இறக்கவும் முடியாது. வண்டியின் சுருள்வில்கள் அமுங்கும், சக்கரங்கள் தேயும். அதற்கான இடைவெளியை விட்டாக வேண்டும். அந்த இடைவெளியைக் காக்க, சக்கரத்துக்குச் சற்று முன்னால் தண்டவாளத்துக்கு நேர்மேலே ஒரு சிறு இரும்புக் கை தொங்கும். நின்றிருக்கும் ஒரு விலங்கை இந்த ஏற்பாடு பெரும்பாலும் வீசி எறிந்துவிடும். விலங்கு படுத்திருந்தாலோ, மந்தையாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலோ நிலைமை வேறு.

2022 அக்டோபர் 6 அன்று குஜராத்தில் எருமைகள் மீது மோதிய வந்தே பாரத் ரயிலின் மூக்கு உடைந்த படத்தைப் பார்த்துப் பலர் அதன் தரத்தைக் குறை சொன்னார்கள். அந்தக் குற்றச்சாட்டு நியாயமற்றது என்றே கருதுகிறேன். இழை வலுவூட்டிய பிளாஸ்டிக்கால் ஆன அந்த மூக்கு காற்றைக் கிழிப்பதற்கானது. உடைந்தால் எளிதில் மாற்றலாம். கவனிக்க வேண்டியது, சென்னை ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை உருவாக்கிய அந்த ரயில் தடம் புரளவில்லை என்பதைத்தான்.

தடை கனமானதாக இருந்தால் கதை மாறுகிறது. 1988 செப்டம்பர் 23 அன்று பிரான்சின் வுவாரோன் ரயில்வே கேட்டில் பெரும் மின்மாற்றியை ஏற்றியிருந்த லாரி மீது டி.ஜி.வி. என்ற பிரெஞ்சு அதிவேக ரயில் மோதியது. ஓட்டுநரும் ஒரு பயணியும் இறந்தார்கள். இங்கே உயிர்களைக் காப்பாற்ற வேண்டியவை முன்பகுதியின் நசுங்கும் கூடுகளே. அவை தாம் நசுங்கி ஆற்றலை விழுங்கி, ஓட்டுநர் அறையையும் பயணிகள் பகுதியையும் முழுதாக விட வேண்டும்.

தடம் புரண்ட பிறகும் ரயில் நிமிர்ந்தபடியே ஓடினால் பயணிகள் பிழைக்க வாய்ப்பு அதிகம். 1993 டிசம்பரில் வட பிரான்சில், மழையில் தடத்துக்கு அடியில் திறந்த குழியால் ஒரு டி.ஜி.வி. மணிக்கு 294 கிலோமீட்டர் வேகத்தில் தடம் புரண்டும் கவிழவில்லை. அடுத்தடுத்த பெட்டிகள் ஒரே போகியை, அதாவது சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தை, பகிர்ந்துகொள்வதால் ரயில் மடங்காமல் ஒரே கோடாக நின்றது. இங்கிலாந்தின் கிரேட் ஹெக்கில் 2001 பிப்ரவரி 28 அன்று அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. நெடுஞ்சாலையிலிருந்து சரிந்து தண்டவாளத்தில் விழுந்த லேண்ட் ரோவர் மீது, மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வந்த ரயில் மோதியது. அங்கும் தள்ளப்பட்டுச் சென்ற முன்பெட்டிதான் முதலில் தடம் புரண்டது. இருந்தும் ரயில் நிமிர்ந்தே ஓடியது. சற்றுத் தொலைவில் இருந்த, தடம் மாற்றும் பாயிண்ட் அதை அடுத்த தடத்தின் பக்கம் திருப்பிவிட, எதிரே நிலக்கரி ஏற்றிய சரக்கு ரயில் வந்துகொண்டிருந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது முதல் மோதல் அல்ல, இரண்டாவது.

பிரேக் இவற்றில் எதையும் தடுத்திருக்காது. மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தில் அவசர பிரேக் போட்டாலும் நிற்க ஒன்றரைக் கிலோமீட்டர் அளவில் தேவைப்படும். 300 கிலோமீட்டர் வேகத்தில் தேவைப்படும் தூரம் ஏறத்தாழ அதைப்போல் இரு மடங்கு. இரவில் முகப்பு விளக்கில் முந்நூறு மீட்டர் தூரம் தெரிந்தால் ஓட்டுநருக்குக் கிடைப்பது ஐந்து விநாடி. அதைவிட மிகக் குறைந்த வேகத்தில், 2021 ஏப்ரல் 2 அன்று தைவானின் ஹுவாலியன் அருகே சரிவிலிருந்து உருண்டு விழுந்த லாரியைக் கண்ட ஓட்டுநர் பிரேக் போட்டும் 49 பேர் இறந்தார்கள்.

ஆகவே தடை தண்டவாளத்துக்கு வராமலிருக்கச் செய்வதே உண்மையான பாதுகாப்பு. ஜப்பானின் ஷின்கான்சென் புல்லட் ரயில் தடங்களில் தொடக்கத்திலிருந்தே கேட் கிடையாது. பிரான்சின் அதிவேகத் தடங்கள் இருபுறமும் வேலியிடப்பட்டவை. அவற்றைக் கடக்கும் சாலைப் பாலங்களில் கம்பி உணரிகள் உண்டு. ஒரு வாகனம் அவற்றை அறுத்துக்கொண்டு விழுந்தால், வரும் ரயிலுக்கு நிறுத்த உத்தரவு தானாகவே போய்விடும். மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் இடையே அமைந்துவரும் 508 கிலோமீட்டர் தடத்தில் பெரும்பகுதி தூண்களின் மேல் செல்கிறது. அந்த உயரத்துக்கு எந்த மாடும் மேய வராது.